டப்டப் படகின் கொதிகலன் மூன்று முறை போனது ஏன்? மெல்லிய தகட்டில் ஈயப்பற்று: ஒரு நிகழ்வு ஆய்வு

"மாமா, சத்தம் நின்னுடுச்சு" என்று அக்கா மகள் குளியலறையிலிருந்து கூப்பிட்டபோது படகைத் தண்ணீரில் விட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. போய்ப் பார்த்தால் தொட்டியில் படகு சும்மா மிதக்கிறது, உள்ளே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டுதான் இருக்கிறது, கொதிகலனின் ஒரு ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஈரம் கசிந்து சீறுகிறது. அது முதல் கொதிகலன். அதற்கப்புறம் இரண்டு செய்தேன், இரண்டும் வேறு வேறு விதத்தில் போயின. நான்காவதுதான் நின்றது. போன மூன்றையும் தூக்கி எறியாமல் பிரித்துப் பார்த்து, என்ன ஆனது என்று குறித்து வைத்தேன். 0.3 மி.மீ.க்கும் குறைவான தகரம், பித்தளைத் தகடு என்று எதையாவது ஈயத்தால் பற்றவைத்து (சால்டர் செய்து) மாடல் செய்ய இறங்குகிற யாரும் பெரும்பாலும் இதே மூன்று இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன், அதனால் முழுசாகவே எழுதுகிறேன்.

முதலில் படகைப் பற்றிக் கொஞ்சம். திருவிழாக் கடைகளில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு விற்பார்களே, அந்தத் தகரப் படகுதான். உள்ளே மோட்டார் கிடையாது, சக்கரம் கிடையாது. சின்னத் தட்டையான ஒரு கொதிகலன், அதிலிருந்து படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் போகிற இரண்டு குழாய், அடியில் ஒரு சுடர், அவ்வளவுதான். 1891இல் தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மேல்மூடியை மெல்லிய தகடாக வைத்து அது துடிக்கும்போது சத்தம் வருகிற மாதிரியான அமைப்புக்கு 1915இல் அமெரிக்கரான சார்ல்ஸ் மெக்ஹியூ விண்ணப்பித்தார். நாம் கேட்கிற அந்த டப் டப் சத்தம் இந்த மூடியிலிருந்துதான் வருகிறது.

கொதிகலனுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, குழாய்க்குள் வந்த ஆவி குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் மறுபடி உள்ளே இழுபடுகிறது. வெளியே போகும்போது நேராக ஒரு பக்கம் பாய்கிறது, உள்ளே வரும்போது நாலா பக்கத்திலிருந்தும் வருகிறது, இந்த வித்தியாசத்தில்தான் படகு முன்னால் போகிறது. இதில் பற்றவைப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று: கொதிகலனுக்குள் மாறி மாறித் தள்ளலும் இழுவையும் நடக்கிறது. ஊசித்துளை ஒன்று இருந்தால் தள்ளும்போது ஆவி வெளியே போகும், இழுக்கும்போது காற்று உள்ளே வரும். ஆவி குளிர்ந்தால் தண்ணீராகிவிடும், காற்று அப்படி ஆகாது. அது உள்ளேயே தங்கிச் சேரச் சேரத் துடிப்பு தளர்ந்து, கடைசியில் நின்றுவிடும். ஒரு வாளி ஓட்டையென்றால் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே வேலை செய்யும். இந்தக் கொதிகலன் அப்படி விட்டுக்கொடுக்காது. அதனால்தான் மெல்லிய தகட்டில் பற்று வைக்கப் பழகுகிறவருக்கு இதைவிட நேர்மையான பரீட்சை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

என் கொதிகலனின் அளவு நாலு தடவையும் ஒன்றுதான்: 45 மி.மீ. நீளம், 32 மி.மீ. அகலம், 6 மி.மீ. உயரம், தட்டு மாதிரி. மேல்மூடி 0.05 மி.மீ. பித்தளை ஷிம் தகடு, அதாவது காகிதம் போல மெல்லிய தகடு. குழாய்க்குப் பழைய ரேடியோ ஏரியலை அறுத்துக்கொண்டேன், 4 மி.மீ. குழாய், உள்ளே பித்தளை, வெளியே பளபளவென்று குரோமியப் பூச்சு. அந்தப் பூச்சில் ஈயம் பிடிக்கவே பிடிக்காது. பற்றவைக்க வேண்டிய முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மஞ்சள் தெரியும்வரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாலை செலவானது, உங்களுக்கு ஆக வேண்டாம்.

முதல் கொதிகலனின் தட்டை எண்ணெய் டின் தகரத்தில் வெட்டினேன், சுமார் 0.25 மி.மீ. கனம். காந்தம் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். குளிர்பானக் கேன் என்றால் அது அலுமினியம், அதன் மேல் நொடியில் படர்கிற ஆக்சைடு சாதாரண ஃப்ளக்ஸுக்கு (ஈயம் பிடிக்கும்படி உலோகத்தின் மேல்பரப்பைச் சுத்தம் செய்கிற பொருள்) அசையாது. டின் தகரம் அப்படி இல்லை, அது இரும்புத் தகடு, மேலே வெள்ளீயம் பூசியிருக்கும், ஈயத்தோடு நன்றாகச் சேரும். ஆனால் வெளிப்பக்கம் எண்ணெய் விளம்பரம் அச்சடித்த பெயின்ட். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கூடவே உள்பக்கத்தையும் "சுத்தமாக இருக்கட்டும்" என்று தேய்த்துவிட்டேன். அப்புறம் நாலு சுவரையும் நிமிர்த்தி மடித்து, மூலைகளை ஒன்றோடொன்று முட்டவைத்து, ஷிம் தகட்டைச் சுவர்களின் விளிம்பின் மேல் படுக்க வைத்து, வீட்டிலிருந்த 25 வாட் சால்டரிங் அயர்னால், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான, ரோசின் என்கிற பிசின் ஃப்ளக்ஸ் உள்ளே இருக்கும் 60/40 கம்பியை (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) உருக்கி உருக்கிச் சுற்றிலும் வைத்தேன். கிட்டத்தட்ட 40 செ.மீ. கம்பி போனது. பார்க்க வெள்ளி வரம்பு கட்டியது போல் இருந்தது.

ஒழுகினதும் அதை எடுத்துக்கொண்டு தெருமுனையில் தகர வேலை செய்கிற பெரியவரிடம் போனேன். புனல், தபால் பெட்டி, கல்யாண வீட்டு அடுப்புக்குக் காற்றுத் தடுப்பு என்று நாற்பது வருடத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருப்பவர். கொதிகலனைக் கையில் வாங்கி ஒரு பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தை அந்த வெள்ளி வரம்புக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். இரண்டு அங்குல நீளத்துக்கு ஈயம் அப்படியே கயிறு மாதிரி உரிந்து வந்தது. "தம்பி, இது ஒட்டல. உக்காந்திருக்கு" என்றார்.

உரிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கீழே தகரம் சாம்பல் நிறத்தில், உப்புத்தாள் கோடுகளோடு, ஈயம் தொட்ட அடையாளமே இல்லாமல் இருந்தது. ஈயத்தின் அடிப்பக்கத்தில் அதே கோடுகள் அச்சு எடுத்தது போலப் பதிந்திருந்தன. பிடித்திருந்தால் இப்படி வராது. பிடித்த பற்று பிய்ந்தால் இரண்டு பக்கமும் ஈயம் தங்கியிருக்கும்.

காரணத்தைச் சோதிக்க அதே டின்னிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டு வெட்டி, பாதியை உப்புத்தாளால் தேய்த்து, பாதியை ஸ்பிரிட்டால் மட்டும் துடைத்தேன். அதே அயர்ன், அதே கம்பி. துடைத்த பாதியில் ஈயம் எண்ணெய்ச் சொட்டு தோசைக்கல்லில் பரவுவது போலப் படர்ந்து ஓரத்தில் மெலிந்தது. தேய்த்த பாதியில் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது. கணக்குப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. சாதாரண டின் தகரத்தில் ஒரு பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.8 கிராம் வெள்ளீயம் என்பது வழக்கமான பூச்சு அளவுகளில் ஒன்று, அது கனத்தில் 0.4 மைக்ரான்கூட வராது. உப்புத்தாள் இரண்டு இழுப்பில் அதைத் தின்றுவிடும். மிஞ்சுவது வெறும் இரும்பு, வெறும் இரும்புக்கு ரோசின் போதாது. பெயின்டை எடுக்கத் தின்னரோ பெயின்ட் ரிமூவரோதான் சரி, உள்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு காரணம் சூடு. நான் தட்டை இரும்பு வைஸில் பிடித்துக்கொண்டு பற்றவைத்தேன். 25 வாட் அயர்னின் ஊசி முனையில் இருப்பது சில கிராம் செம்பு. அது கொடுக்கிற சூட்டை வைஸ் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. முனை தொட்டதால் கம்பி உருகியது, தகரம் உருகுசூட்டுக்கு வரவே இல்லை. பெரியவர் பற்றவைக்கிற கோலைப் பார்த்தால் இது உடனே புரியும்: இரும்புக் கம்பியின் நுனியில் கால் கிலோ இருக்கும் ஒரு செம்புத் தலை, கரி அடுப்பில் காய்கிறது. எடுத்ததும் முனையைச் சுத்தம் செய்கிற நவச்சாரக் கட்டியில் (அம்மோனியம் குளோரைடு) ஒரு தேய், வெள்ளைப் புகை எழும்பி முனை கண்ணாடியாகிறது, ஈயத்தைத் தொட்டுக்கொண்டு தகரத்தின் மேல் அகலமாக வைத்து மெதுவாக இழுக்கிறார். கால் கிலோ செம்பு 350 டிகிரியிலிருந்து 200க்கு இறங்குவதற்குள் சுமார் 14,000 ஜூல் சூட்டைக் கொடுத்துவிடும், என் அயர்னின் 5 கிராம் முனை 300 ஜூலைத் தாண்டாது. அவர் ஒரே இழுப்பில் முடிக்கிறதை நான் தொட்டுத் தொட்டு இருபது தடவையில் செய்துகொண்டிருந்தேன். அவர் தகரத்தைக் காய்ச்சுகிறார், ஈயம் தானாக ஓடுகிறது. நான் ஈயத்தைக் காய்ச்சித் தகரத்தின் மேல் கொட்டினேன்.

இரண்டாவதற்கு 60 வாட் அயர்ன், உளி வடிவ முனை, வைஸுக்குப் பதிலாக ஒரு பிளைவுட் துண்டு. சுவர்களின் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக 3 மி.மீ. மடித்து ஒரு வரம்பு எடுத்தேன், இப்போது மூடி உட்கார இடம் கிடைத்தது. வரம்பிலும் மூடியிலும் தனித்தனியாக மெல்லிசாக ஈயம் பூசி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்திச் சூடாக்கினால் இரண்டு பூச்சும் உருகி ஒன்றாகிவிடும். எவ்வளவு கம்பி வேண்டும் என்று இந்தத் தடவை கணக்குப் போட்டேன். சுற்றளவு 154 மி.மீ., அகலம் 3, இடைவெளி 0.1 மி.மீ. என்று வைத்தால் 46 கன மி.மீ. ஈயம் போதும், அதாவது 1 மி.மீ. கம்பியில் 6 செ.மீ. முதலில் வைத்த 40 செ.மீ. எல்லாம் வெளியே நின்ற அலங்காரம்தான்.

ஃப்ளக்ஸுக்குப் பெரியவரிடமே ஒரு சின்னப் பாட்டிலில் அவர் பயன்படுத்துவதை வாங்கினேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் பழைய டார்ச் செல்லின் துத்தநாகக் கூட்டை வெட்டிப் போட்டு, நுரை அடங்கும்வரை வெளியில் வைத்து, தெளியவிட்டு எடுத்த தண்ணீர். இது வெறும் இரும்பையே பளிச்சென்று கழுவிவிடும். மூலைகளில் வெட்டுவாய் இரும்பாகத்தானே இருக்கிறது, அங்கேகூட ஈயம் சர்ரென்று ஓடியது. படகு அன்று ஒரு மெழுகுவர்த்தி தீரும்வரை ஓடியது. அக்கா மகள் தொட்டியை விட்டு எழவே இல்லை.

எட்டாவது நாள் நின்றது. இந்தத் தடவை சீறல் இல்லை, குமிழி ஒன்றிரண்டு, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் பற்று குறை சொல்ல முடியாதபடி இருந்தது. மூடியைக் கத்தியால் வெட்டித் திறந்தேன். உள்ளே நாலு மூலையிலும் பழுப்பு நிறத் துரு, பின்பக்க இடது மூலையில் துரு ஒரு கோடாகச் சுவரோடு இறங்கி, அங்கே வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு புள்ளி தெரிந்தது. பற்று போகவில்லை, பற்றுக்குப் பக்கத்தில் தகரமே போயிருந்தது.

"கழுவுனீங்களா?" என்பதுதான் பெரியவர் கேட்ட ஒரே கேள்வி. வெளியே கழுவினேன். உள்ளே கழுவவில்லை, மூடி வைத்த டப்பாவுக்குள் 4 மி.மீ. குழாய் வழியாக என்னத்தைக் கழுவுவது என்று விட்டுவிட்டேன். பற்றவைத்தபின் மிஞ்சும் துத்தநாகக் குளோரைடு உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஈரமும் குளோரைடும் சேர்ந்து இரும்பின் மேல் உட்கார்ந்தால் துருவுக்கு வேறு அழைப்பு வேண்டாம். உறுதி செய்துகொள்ள, மூலையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்து, அக்கா மகள் பள்ளிப் பாடத்துக்காகச் செம்பருத்திப் பூவைத் தேய்த்து வைத்திருந்த தாளில் ஒரு சொட்டு விட்டேன். ஊதாவாக இருந்த தாள் அந்த இடத்தில் ரோஜா நிறமானது. பக்கத்தில் குழாய்த் தண்ணீர் விட்ட சொட்டு அப்படி மாறவில்லை. எட்டு நாள் கழித்தும் உள்ளே அமிலம் இருந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: பற்று ஆறியதும், சலவை சோடா கரைத்த வெந்நீரைப் பேனா ஃபில்லராலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ ஒரு குழாய் வழியாக ஏற்றி இன்னொன்று வழியாக விடுவது, மூன்று தடவை சோடா நீர், அப்புறம் மூன்று தடவை நல்ல தண்ணீர், பிறகு வெயிலில் காயவைப்பது. மூடிய எதையும் பற்றவைக்கும்போது, அது கொதிகலனோ பொம்மை லாரியின் டேங்கோ, கழுவத் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர இரண்டு வழி இருக்கிறதா என்று தகட்டை வெட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

மூன்றாவது முழுக்கப் பித்தளை. தட்டு 0.2 மி.மீ., மூடி பழையபடி ஷிம். இரும்பே இல்லை, அதனால் அந்தத் துரு இல்லை. இதில்தான் வேறொரு தொல்லை வந்தது: மூடி சுருங்கி அலையலையாக நெளிந்தது. ஒரு ஓரமாக அயர்னை இழுத்துக்கொண்டு போகும்போது சூடான இடம் மட்டும் விரிகிறது, மற்ற இடம் குளிர்ந்தே இருக்கிறது. பித்தளை ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும். 45 மி.மீ.க்கு 200 டிகிரி ஏறினால் 0.17 மி.மீ. கேட்கக் கொஞ்சம்தான், ஆனால் தகட்டின் கனமே 0.05 மி.மீ., அதைப் போல் மூன்று மடங்கு நீளம் எங்கே போகும்? மேலே எழும்பும், அந்த நிலையிலேயே ஈயம் உறைந்து நெளிவைப் பூட்டிவிடும்.

இதற்குத் தீர்வு முழுசையும் ஒரே நேரத்தில் சூடாக்குவதுதான். வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கரண்ட் காயில் அடுப்பில் வைத்தேன் (இனி அதில் தோசை வார்க்கவே கூடாது என்று மேலே பெயின்ட்டால் எழுதியும் வைத்துவிட்டேன்). ஈயம் பூசிய வரம்பிலும் மூடியிலும் ஃப்ளக்ஸ் தடவி, மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கல்லில் வைத்து, மேலே ஒரு மரத்துண்டு, அதன் மேல் 200 கிராம் எடைக்கல். மரத்துண்டு எதற்கென்றால், எடைக்கல் நேராகத் தொட்டால் சூட்டைக் குடித்துவிடும். குழாய்கள் முன்பே பற்றவைத்தவை, அவை மறுபடி இளகும் என்பதால் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஃப்ளக்ஸ் ஓரங்களில் குமிழியிட்டுச் சடசடக்கும், பிறகு சத்தம் அடங்கி எல்லாம் மங்கலாகத் தெரியும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் திடீரென்று ஒரு மூலையில் ஆரம்பித்து விளிம்பு முழுக்க ஒரு வெள்ளிக் கோடு ஓடும். அந்தக் கணம் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எடைக்கல்லைத் தொடாமல், கொதிகலனை நகர்த்தாமல், கல்லோடு சேர்த்து ஆறவிட வேண்டும். உறையும்போது ஆடிய ஈயம் பனி படர்ந்தது போல மங்கிவிடும், அந்தப் பற்றை நம்ப முடியாது. இப்படிச் செய்த மூடி தட்டையாக, ஒரு நெளிவு இல்லாமல் வந்தது. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த கணம் அந்தக் கோடு ஓடுகிற கணம்தான்.

ஈயக் கம்பியையும் இதில் மாற்றினேன். குழந்தை கை வைக்கிற தண்ணீரில் காரீயம் வேண்டாம் என்று 99.3 சதவீதம் வெள்ளீயமும் 0.7 சதவீதம் செம்பும் உள்ள கம்பி. தமிழில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம், பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், 60/40 கம்பியில் 40 பங்கு காரீயம், இந்தக் குழப்பத்தைப் பொம்மை செய்கிறவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. புதுக் கம்பி 227 டிகிரியில் உருகும், 60/40 உருகத் தொடங்குவது 183இல். ஓட்டம் கொஞ்சம் மந்தம், ஃப்ளக்ஸ் தாராளமாக வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மூன்றாவது கொதிகலன் மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா மகள் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள், குழாய் வாய் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது, உள்ளே இருந்த தண்ணீர் போய்க் காற்று ஏறிவிட்டது, கீழே சுடர் எரிந்துகொண்டே இருந்தது. அரை நிமிடம் இருக்கலாம். மூடி ஒரு பக்கம் வாய் பிளந்தது. அவள் பயந்து அழுதுவிட்டாள், தப்பு அவளுடையது இல்லை, விளையாடுகிற குழந்தை தூக்கித்தான் பார்க்கும். அதைத் தாங்குகிற மாதிரி செய்யாதது என்னுடையது.

பிளந்த விளிம்பைப் பார்த்தபோது முதல் கொதிகலனுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. இங்கே இரண்டு பக்கமும் ஈயம் இருந்தது, பிடிப்பில் குறையே இல்லை. ஆனால் ஈயம் பிய்ந்த சொரசொரப்பு இல்லை, வழவழவென்று, ஓரமெல்லாம் உருண்டு, தாழ்ந்த மூலையில் ஒரு பளபளப்பான மணியாகத் திரண்டிருந்தது. உருகி ஓடியிருக்கிறது.

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, புளித்தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று பாட்டி ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொம்பு வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும், அடியில் எரிகிற சுடரோ 1,000 டிகிரிக்கு மேல். ரசம் உள்ளே இருக்கும்வரை அது கொதித்துக் கொதித்துச் சூட்டைக் கொண்டுபோய்விடுவதால் சொம்பின் சுவர் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ரசம் வற்றினால் சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடும். என் கொதிகலனும் அதேதான். 183க்குப் பதில் 227 என்று கம்பியை மாற்றியது இந்த விஷயத்தில் சில நொடிகளைத்தான் தந்திருக்கும், தண்ணீர் இல்லாத தகடு இரண்டையும் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடும்.

வெள்ளிப் பற்று வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, அது 600 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் 0.05 மி.மீ. பித்தளை இளகித் துவண்டு போகும், பிறகு டப் டப் என்று துடிக்க அதில் விறைப்பு இருக்காது. மூடிக்குக் குறைந்த சூட்டில் உருகுகிற இந்த ஈயப்பற்றுதான் வழி. அலுமினியக் கேனை வெட்டி எபாக்ஸியால் ஒட்டிச் செய்கிறவர்களும் நிறைய, ஓடவும் செய்கிறது, ஆனால் ஒழுகினால் பிரித்துத் திரும்ப ஒட்ட வழியில்லை என்பதால் எனக்கு அதில் மனம் போகவில்லை.

பிளந்த கொதிகலனோடு பெரியவரிடம் மூன்றாவது தடவையாகப் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு புனலை எடுத்துப் பக்கவாட்டு மூட்டைக் காட்டினார். இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி மாதிரி மாட்டி, சுத்தியலால் தட்டி அமுக்கியிருந்தது, அதன் மேல் மெல்லிசாக ஒரு ஈயக் கோடு. "ஈயத்த நம்பித் தகரத்த வெட்டாதீங்க தம்பி. தகரம் தகரத்தப் புடிச்சுக்கணும். ஈயம் தண்ணியப் புடிச்சாப் போதும்" என்றார். மூன்று கொதிகலனிலும் மூடியைப் பிடித்திருந்தது ஈயம் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்ந்த ஈயத்துக்கே பித்தளையோடு ஒப்பிட்டால் பலம் சொற்பம், 100 டிகிரியில் அது இன்னும் இறங்கிவிடும், ஓயாமல் இழுத்துத் தள்ளுகிற மூடியை அதை நம்பி விட்டிருந்தேன். பழைய காலத்து உணவு டின்களில்கூடப் பக்க மூட்டு இப்படி மடித்து மாட்டி அதன் மேல் ஈயம் வைத்ததுதான். அதில் இருந்த காரீயம் உணவில் சேர்கிறது என்று பின்னாளில் அதைக் கைவிட்டார்கள், அமெரிக்காவில் 1995இல் தடையே வந்தது, ஆனால் மடிப்பு போகவில்லை, இன்றைக்கும் டின்னின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினால் தட்டுப்படும்.

நான்காவதில் தட்டு மூன்றாவதைப் போலவே, 3 மி.மீ. வரம்போடு. மூடியை மட்டும் நாலு பக்கமும் 3 மி.மீ. பெரிதாக வெட்டினேன், வரம்பின் மேல் படுத்து, ஓரத்தில் வளைந்து, வரம்புக்கு அடியில் போய்க் கவ்வ வேண்டும். மூலைதான் சிரமம். சதுரமாக விட்டால் அங்கே தகடு நாலு மடியாகத் திரண்டு நடுவில் வழி விட்டுவிடும். சாய்வாக வெட்ட வேண்டும், ஆனால் வரம்பின் மூலையைத் தாண்டி ஒரு மி.மீ. மிஞ்சும்படி. மடிக்க ஐஸ்கிரீம் குச்சி போதும், இரும்பு எதுவும் பட்டால் ஷிம் கிழிகிறது. மடிப்பதற்கு முன்பே வரம்பின் இரண்டு முகத்திலும், மூடியின் உள் ஓரத்திலும் ஈயம் பூசிவிட வேண்டும், மடித்தபின் உள்ளே கை போகாது. அப்புறம் அதே தோசைக்கல், அதே மரத்துண்டு, அதே எடைக்கல். வெள்ளிக் கோடு இந்தத் தடவை மடிப்பின் ஓரத்தில் ஓடியது.

கசிவுச் சோதனைக்குப் படகில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு குழாயையும் விரலால் அடைத்துக்கொண்டு, கைபொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலான வெந்நீரில் இடுக்கியால் முக்கினால் போதும் (விரலுக்குப் பதில் ரப்பர் குழாயை மாட்டி மடக்கிக் கட்டலாம், அதுதான் நல்லது). உள்ளே 30 டிகிரியில் இருந்த காற்று 70க்கு ஏறினால் அழுத்தம் சுமார் 13 சதவீதம் கூடும், ஊசித்துளை இருந்தால் அங்கிருந்து குமிழி நூல் பிடித்தது போல் வரும். நான்காவதில் ஒன்றும் வரவில்லை.

கழுவி, காயவைத்து, இரண்டு வாரம் ஓடவிட்டபின் வேண்டுமென்றே வறட்சியாக வைத்துப் பார்த்தேன். மொட்டை மாடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீர் இல்லாமல், மெழுகுவர்த்திக்கு மேல் முழுசாக ஒரு நிமிடம். ஈயம் உருகியது, ஓரத்தில் ஒரு இடத்தில் மணி திரண்டது, ஒரு மூலை மயிரிழை அளவுக்கு எழும்பியது. மூடி கழன்று வரவில்லை. ஆறினபின் வெந்நீர்ச் சோதனையில் அந்த மூலையில் மட்டும் குமிழி. ஃப்ளக்ஸ் தடவித் தோசைக்கல்லில் மறுபடி வைத்தேன், கோடு ஓடியது, கழுவினேன், குமிழி நின்றுவிட்டது. சாயங்காலமே படகு தொட்டியில் ஓடியது.

வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. ரோசின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும், ஆசிட் ஃப்ளக்ஸ் சூட்டில் தெறிக்கும், அதனால் காற்றோட்டமான இடமும் கண்ணாடியும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஆசிட்டில் துத்தநாகம் போடும்போது வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது, முடிந்தால் கடையில் விற்கிற தயார் ஃப்ளக்ஸையே வாங்குங்கள். 60/40 கம்பியைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

நான்காவது கொதிகலன் இப்போதும் படகில்தான் இருக்கிறது. பின்பக்க வலது மூலையில் மட்டும் நான் சாய்வைக் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டேன், அங்கே மடிப்பு வரம்பை முழுசாகக் கவ்வவில்லை, ஒரு மி.மீ. அளவுக்கு வெறும் ஈயம்தான் நிற்கிறது. வறட்சிச் சோதனையில் எழும்பியதும் அதே மூலைதான். அந்த இடத்தில் ஆணியால் ஒரு சின்னக் கீறல் போட்டு வைத்திருக்கிறேன், அக்கா மகளிடமும் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு முன் அவளே அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.